கணவர் டாலஸில், மனைவி கோவையில்: முதல் கூட்டு வரித் தாக்கல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு தனியாகத் திரும்பி வருகிறார். விசா கிடைக்கும்வரை மனைவி ஊரில்தான். இடையில் வரித் தாக்கலுக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15 வந்துவிடுகிறது. வரி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்கும் எங்களைப் போன்ற சிறு அலுவலகங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படிச் சிலர் வருவார்கள். அவர்களில் ஒரு தம்பதியின் 2024ஆம் ஆண்டுத் தாக்கல் இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். விதிகளும் வரம்புகளும் அந்த ஆண்டுக்கு உரியவை.

பின்னணி

கணவர் 2019 முதல் எச்-1பி எனப்படும் வேலை விசாவில் டாலஸ் புறநகர் ஒன்றில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். ஆண்டின் பெரும்பகுதி அமெரிக்காவிலேயே இருப்பதால், நாட்களை எண்ணிப் பார்க்கும் விதிப்படி, வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் அந்நாட்டுக் குடியிருப்பாளர். கிரீன் கார்டு இல்லை என்பது இதற்குத் தடையல்ல.

மனைவி கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அமெரிக்க மண்ணை மிதித்ததில்லை. 2024 ஆவணியில் கல்யாணம். விடுப்பு முடிந்து கணவர் மட்டும் திரும்பினார். கல்வியாண்டு முடியாமல் வேலையை விட மனைவிக்கு மனமில்லை. எச்-1பி ஊழியரின் துணைவருக்கான எச்-4 விசாவுக்குரிய நேர்காணலும் சென்னையில் 2025 ஏப்ரல் கடைசியில்தான் கிடைத்திருந்தது.

பிப்ரவரியில் எங்களிடம் வந்தபோது கணவர் கேட்டது ஒன்றுதான்: “அவங்க இன்னும் இங்க வரலையே, போன வருஷம் மாதிரியே ‘சிங்கிள்’னு போட்டுடலாமா?” அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் அப்படித்தான் செய்தார்களாம்.

முதலில் தெளிவுபடுத்தியது

போட முடியாது. டிசம்பர் 31 அன்று ஒருவருக்குத் திருமணமாகியிருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் அவர் திருமணமானவர். கல்யாணம் எந்த மாதம் நடந்தது, எந்த நாட்டில் நடந்தது, மனைவி எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

அடுத்து அவர் கேட்டது ‘குடும்பத் தலைவர்’ என்ற நிலையை. மனைவி குடியிருப்பாளர் அல்லாதவராக இருந்தால் கணவரைத் திருமணமாகாதவராகக் கருதும் சலுகை அதில் உண்மையிலேயே உண்டு. ஆனால் தகுதியுள்ள ஒரு பிள்ளையோ உறவினரோ அவரைச் சார்ந்து இருக்க வேண்டும். மனைவியே அந்த நபராக முடியாது. கோவையில் இருக்கும் அப்பா அம்மாவையும் காட்ட முடியாது. மெக்சிகோ, கனடா வாசிகளைத் தவிர, அமெரிக்கக் குடிமக்களோ குடியிருப்பாளர்களோ அல்லாதவர்களைச் சார்ந்தவர்களாகக் காட்ட வழியில்லை.

ஆக மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, மணமானவர் தனியாகத் தாக்கல் செய்வது. மனைவிக்கு அமெரிக்க வரி எண் எதுவும் வாங்க வேண்டாம். எண் கேட்கும் இடத்தில் குடியிருப்பாளர் அல்லாதவர் என்று குறித்தால் போதும். மற்றொன்று, கூட்டுத் தாக்கல். அதற்கு, மனைவியை அந்த ஆண்டு முழுவதும் அமெரிக்கக் குடியிருப்பாளராகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்டுத் தேர்வு செய்ய வேண்டும். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 6013(ஜி) பிரிவு அதற்கு இடம் தருகிறது.

கூட்டுத் தாக்கல் என்றதும் கணவருக்குத் தெரிந்தது நிலைக்கழிவுதான், அதாவது வருமானத்திலிருந்து நேராகக் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை. 2024இல் தனியாகத் தாக்கல் செய்பவருக்கு 14,600 டாலர், கூட்டாக என்றால் 29,200. வரிப் படிநிலைகளும் இரு மடங்கு அகலம். அந்த மகிழ்ச்சியில் இருந்தவரிடம் நாங்கள் கேட்டது வேறு: மனைவியிடம் என்னென்ன இருக்கிறது? அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவரிடம் அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அந்த வாரக் கடைசியில் மனைவியும் வீடியோவில் சேர்ந்தார். அவருடைய அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மனைவியின் பக்கம் என்ன இருந்தது

கல்லூரிச் சம்பளம் ஆண்டுக்கு ரூ. 9,60,000. ஃபிக்சட் டெபாசிட், பி.எஃப். வட்டி எல்லாம் சேர்த்து ரூ. 1,80,000. பி.எஃப். வட்டியை அமெரிக்க ரிட்டர்னில் எந்த ஆண்டு காட்டுவது என்பதில் தொழிலில் இருப்பவர்களிடையே இரு கருத்து உண்டு. தொகை சிறியது என்பதால் வாதத்துக்குப் போகாமல் அந்தந்த ஆண்டே காட்டிவிடுவது என் வழக்கம்.

மூன்றாவதாக மியூச்சுவல் ஃபண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொடங்கிய எஸ்ஐபி என்ற தவணை முதலீடுகளில் இரண்டை 2024 மே மாதம் விற்றிருந்தார், கல்யாணச் செலவுக்காக. லாபம் ரூ. 4,00,000. இன்னும் சுமார் ரூ. 6,00,000 மதிப்புள்ள யூனிட்டுகள் கையில் இருந்தன.

“அது கல்யாணத்துக்கு முன்னாடி வித்ததுங்க, அதுவுமா?” என்று மனைவி கேட்டார். ஆமாம், அதுவும்தான். 6013(ஜி) தேர்வு கல்யாண நாளிலிருந்து தொடங்குவதில்லை. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை முழு ஆண்டையும் பிடித்துக்கொள்கிறது. டாலஸ்காரரை அவர் இன்னும் மணக்காத மாதங்களில் கோவையில் வாங்கிய சம்பளமும், விற்ற யூனிட்டும் அமெரிக்க ரிட்டர்னில் ஏறும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான தம்பதிகள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள்.

அதிலும் மியூச்சுவல் ஃபண்டு சாதாரண லாபமாக ஏறாது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஃபண்டுகளைச் செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் என்ற வகையில் சேர்த்து அந்தச் சட்டம் தனியாக, கடுமையாக நடத்துகிறது. நீண்டகால லாபத்துக்கான குறைந்த விகிதம் கிடையாது. குடியிருப்பாளராக வைத்திருந்த பழைய ஆண்டுகளுக்கு உரிய லாபப் பங்குக்கு உச்ச விகிதத்தில் வரியும் வட்டியும் உண்டு. இவருக்கு 2024 முதல் தேர்வு ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இவர் அமெரிக்க வரிக்கு உட்பட்டவர் அல்லர். அதனால் அந்த ஆண்டுகளின் பங்கு உச்ச விகிதத்துக்கும் வட்டிக்கும் போகாமல் நடப்பு ஆண்டின் சாதாரண வருமானமாகவே வந்தது. விற்ற ஒவ்வொரு ஃபண்டுக்கும், இவ்வகை முதலீட்டுக்கென உள்ள 8621 படிவம் ஒன்று மட்டும் தப்பவில்லை. விற்காமல் வைத்திருந்தவற்றின் மதிப்பு, கூட்டுத் தாக்கலுக்கான 50,000 டாலர் வரம்புக்கு வெகு கீழே. அவற்றிலிருந்து பணமும் வரவில்லை. ஆகவே அவற்றுக்கு அந்த ஆண்டு படிவம் தேவைப்படவில்லை.

கடைசியாக வெளிவந்தது மொய்ப் பணம். கல்யாணத்தில் வந்த மொய்யை மனைவியின் சேமிப்புக் கணக்கில் போட்டு, கணவர் பெயரையும் அதில் சேர்த்திருந்தார்கள். மொய் வருமானம் அல்ல, அன்பளிப்பு. வெளிநாட்டவரிடமிருந்து வரும் அன்பளிப்பு ஆண்டில் 1,00,000 டாலரைத் தாண்டினால்தான் 3520 என்ற படிவம் கேட்பார்கள். எந்தக் கல்யாண மொய்யும் அவ்வளவு போகாது என்று சொல்லிச் சிரித்தோம். கொங்கு நாட்டில் சில கல்யாணங்களில் போகலாம், அது வேறு விஷயம். ஆனால் கணக்கில் கணவர் பெயர் இருக்கிறதே. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பிஏஆர் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். கூட்டுக் கணக்கில் பாதி என்னுடையது என்று பாதியைக் காட்ட முடியாது. முழு இருப்பையும் காட்ட வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் கணவர் வைத்திருந்தது வரம்புக்குள்தான் இருந்தது. மொய் சேர்ந்ததும் தாண்டிவிட்டது.

கணக்கு

அமெரிக்கா ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கிறது. இந்தியா ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்குப் பார்க்கிறது. 2024–25க்கான படிவம் 16 என்ற சம்பளச் சான்று ஜூன் மாதத்தில்தான் கைக்கு வரும். ஆகவே பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை வாங்கிக் கூட்டினோம். வட்டிக்கு வங்கி அறிக்கை, பிடித்த வரிக்கு இந்திய வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கை. ஃபண்டு விற்ற லாபத்துக்கு அவர் ஊர் ஆடிட்டர் சொல்லி டிசம்பருக்குள்ளேயே முன்வரி கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. விகிதம் மாறிய 2024 ஜூலை 23க்கு முன்பே விற்றிருந்ததால் இந்தியாவில் பழைய 10 சதவீத விகிதம்தான். அமெரிக்க வரி அலுவலகமான ஐஆர்எஸ் வெளியிடும் ஆண்டுச் சராசரியின்படி டாலருக்குச் சுமார் 83.7 ரூபாய் என்று மாற்றினோம்.

கணவரின் சம்பளமும் வட்டியும் 1,10,000 டாலர். பங்குச் சந்தையில் 2,600 டாலர் நஷ்டம்.

தனியாகத் தாக்கல் செய்தால் நஷ்டத்தில் 1,500 டாலரைத்தான் கழிக்கலாம். நிலைக்கழிவும் போக வரிக்கு உட்பட்டது 93,900. வரி ஏறக்குறைய 15,700 டாலர்.

கூட்டாக என்றால் மனைவியின் ரூ. 15,40,000, அதாவது சுமார் 18,400 டாலர், மேலே ஏறுகிறது. நஷ்ட வரம்பு 3,000 டாலர் என்பதால் 2,600 முழுவதும் கழிகிறது. நிலைக்கழிவு போக 96,600. வரி ஏறக்குறைய 11,350. மனைவி இந்தியாவில் அதே வருமானத்துக்குக் கட்டிய வரிக்கு 1116 படிவத்தில் சுமார் 1,050 டாலர் வரவு கிடைத்தது. சம்பளம் ஒரு வகை, வட்டியும் ஃபண்டும் வேறு வகை, வகைக்கொரு படிவம். கடைசியில் நின்றது 10,300 டாலர்.

வித்தியாசம் 5,400 டாலர் அளவுக்கு. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் கணக்கு இத்தோடு முடிந்தது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் இருந்திருந்தால் மாநிலத்துக்குத் தனியாக இன்னொரு முறை பார்த்தாக வேண்டும்.

நடுவில் கணவர் எங்கோ படித்துவிட்டு வந்து ஒரு யோசனை சொன்னார். டெக்சாஸ், தம்பதியின் சம்பாத்தியத்தை இருவருக்கும் பொதுவாகக் கருதும் மாநிலம்; அப்படியானால் தனியாகத் தாக்கல் செய்து தன் சம்பளத்தில் பாதியை மட்டும் காட்டலாமே என்று. நல்ல கேள்விதான். ஆனால் தம்பதியில் ஒருவர் குடியிருப்பாளர் அல்லாதவராக இருந்தால் உழைத்துப் பெற்ற சம்பளம் உழைத்தவருக்கே உரியது என்று 879ஆம் பிரிவு அந்த வழியை அடைத்துவிடுகிறது.

மாமனாரின் கேள்விகள்

மனைவியின் அப்பா ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எண்களை அவர் உடனே புரிந்துகொண்டார். அவருடைய சங்கடம் வேறு. “இங்க வரி கட்டியாச்சுங்க. பிள்ளை அந்த ஊருக்கே போகலை. அங்க எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

எங்கள் அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு ‘ஐயாயிரம் டாலர் மிச்சம்’ என்பது பதிலாகாது. பணம் கணவர் கணக்குக்கு வருகிறது. கையெழுத்தின் சுமை மனைவிக்கும் வருகிறது. எனவே சுமையை ஒவ்வொன்றாக அவர்கள் முன் வைத்தோம்.

கூட்டு ரிட்டர்னில் கையெழுத்திட்டால் அந்த ஆண்டின் வரி முழுவதற்கும் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கணவர் ஏதாவது வருமானத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் மனைவியிடமும் கேட்கலாம்.

இந்தத் தேர்வு ஓர் ஆண்டோடு முடிவதில்லை. நிறுத்தும்வரை தொடரும். அடுத்த ஆண்டு தனித்தனியாகத் தாக்கல் செய்தாலும் மனைவி தன் உலக வருமானம் முழுவதையும் காட்டியாக வேண்டும். வேண்டாம் என்று ரத்து செய்தால், பிறகு இருவரில் எவருக்கும் இந்தத் தேர்வு மறுபடி கிடைக்காது. கணக்கு வழக்குகளைச் சரியாக வைத்திருக்காவிட்டால் ஐஆர்எஸ்ஸே அதை முடித்துவைக்கலாம். தேர்வு நடப்பில் இருக்கும்போது இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டி ‘நான் இந்தியாவில் குடியிருப்பவள்’ என்று விலகவும் முடியாது.

இந்தியப் பக்கத்தில் எதுவும் மாறாது. அங்கே கணவன் மனைவி கூட்டுத் தாக்கல் என்பதே இல்லை. மனைவி வழக்கம்போல் ஜூலையில் தன் ரிட்டர்னைத் தானே போடுவார்.

வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் போகுமா என்று மாமனார் கேட்டார். இதில் இரண்டு படிவங்களையும் குழப்பிக்கொள்வது வழக்கம். 6013(ஜி) தேர்வினால் மட்டும் ஒருவர் எஃப்பிஏஆருக்கு உட்பட்டவர் ஆகிவிடுவதில்லை. மனைவி பெயரில் மட்டும் உள்ள கணக்குகள் அதில் வராது. ஆனால் ரிட்டர்னோடு போகும் 8938 படிவத்துக்கு அவர் உட்பட்டவர்தான். அமெரிக்காவில் வசித்துக் கூட்டாகத் தாக்கல் செய்பவர்களுக்கு ஆண்டு முடிவில் 1,00,000 டாலர், அல்லது இடையில் எந்த நாளிலாவது 1,50,000 டாலர் தாண்டினால் அந்தப் படிவம். இவர்களின் டெபாசிட், ஃபண்டு, பி.எஃப்., எல்ஐசி எல்லாம் கூட்டியும் 70,000 அளவில் நின்றது. நகை பற்றியும் கேட்டார். கையில் வைத்திருக்கும் தங்கம் அதில் சேராது.

மனைவி இரண்டு நாள் கேட்டார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. கணவர் தன் 2023 ரிட்டர்னையும் 2024 சம்பளப் படிவத்தையும் அவருக்கு அனுப்பிவைத்தார். அது யார் சொல்லியும் செய்ததல்ல. என்னைக் கேட்டால், இந்த நிகழ்வில் மிகச் சரியாக நடந்தது அதுதான்.

முடிவும் அதற்கான காரணமும்

மூன்று வழிகள் மேசையில் இருந்தன. ஏப்ரலில் தனியாகத் தாக்கல் செய்துவிட்டு, மனைவி வந்த பிறகு திருத்த ரிட்டர்னில் கூட்டாக மாற்றுவது ஒன்று. மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தனியைக் கூட்டாக மாற்றலாம். கூட்டாகச் செய்ததைக் கெடு தாண்டிய பின் தனியாக மாற்ற முடியாது. தயங்கும் தம்பதிக்கு இது பாதுகாப்பான வழி. 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை கெடுவை நீட்டித்து, மனைவி வந்ததும் இங்கேயே எண்ணுக்கு விண்ணப்பிப்பது இன்னொன்று. இப்போதே கூட்டாகச் செய்வது மூன்றாவது.

விசா எப்போது கைக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆவணங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. மனைவி எப்படியும் அந்த ஆண்டே வந்து குடியிருப்பாளர் ஆகப்போகிறவர். ஆகவே தேர்வு அவர்மேல் சுமத்தும் கடமைகள் ஒரு வருடம் முன்னதாக வருகின்றன, அவ்வளவுதான். அவர் ஊரிலேயே பல ஆண்டுகள் இருக்கப்போகிறவராக, பெரிய ஃபண்டு முதலீடும் வாடகை வீடுகளும் உள்ளவராக இருந்திருந்தால் நான் தனித் தாக்கலைத்தான் சொல்லியிருப்பேன். மூன்றாவது வழி என்று முடிவானது.

கடவுச்சீட்டும் வரி எண்ணும்

கூட்டு ரிட்டர்னில் மனைவிக்கு ஒரு எண் வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு அவருக்குத் தகுதி இல்லை. ஆகவே ஐடிஐஎன் எனப்படும் தனிநபர் வரி எண். அதற்கு டபிள்யூ-7 படிவத்தோடு கடவுச்சீட்டின் மூலத்தையோ, அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலையோ அனுப்ப வேண்டும். ஊரில் நோட்டரி முத்திரை வாங்கிய நகல் செல்லாது. இவர்களும் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். அந்தச் செலவு வீண்.

மூலத்தை அனுப்பினால் திரும்பி வரப் பல வாரங்கள் ஆகும். ஏப்ரல் கடைசியில் விசா நேர்காணல். கடவுச்சீட்டு இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. அதனால் ஐஆர்எஸ் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு முகவர் வழியாகப் போனோம். அவர் மூலத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, ஆளை நேர்காணல் செய்து, சான்று எழுதிக் கொடுத்தால் கடவுச்சீட்டு அப்போதே திரும்பிவிடும். மனைவி சென்னைக்குப் போய் ஒரே நாளில் முடித்துக்கொண்டு வந்தார்.

பெயர்தான் கொஞ்சம் அலைக்கழித்தது. அவருக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. எல்லா இடத்திலும் இனிஷியல்தான். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருந்தது. பான் கார்டில் அதே பெயர் முன்னால். எங்கள் மென்பொருளோ மனைவி என்றதும் கணவரின் கடைசிப் பெயரைத் தானாக ஒட்டிவிட்டது. டபிள்யூ-7, ரிட்டர்ன், தேர்வு அறிக்கை மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். அச்செடுக்கும் முன் மூன்றையும் திருத்தினோம். தமிழ்ப் பெயர் உள்ளவர்களின் கோப்பில் இந்த ஓர் இடத்தை மட்டும் இரண்டு பேர் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

சென்னை முகவரின் சான்று கூரியரில் வந்து சேர்ந்ததும் கோப்பை அடுக்கினோம். மேலே டபிள்யூ-7, அதில் குடியிருப்பாளரின் துணைவர் என்ற காரணக் கட்டம். கீழே சான்றும் கடவுச்சீட்டு நகலும். அதற்கும் கீழே 1040 ரிட்டர்ன், மனைவியின் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக. இருவரும் பேனாவில் கையெழுத்திட்ட தேர்வு அறிக்கை ஒரு தனித்தாள்: ஆண்டின் கடைசி நாளில் ஒருவர் குடியிருப்பாளர், மற்றவர் அல்லர், இருவரையும் ஆண்டு முழுவதும் குடியிருப்பாளராகக் கருதும்படி தேர்ந்தெடுக்கிறோம் என்று சில வரிகள், பெயர், முகவரி. இப்படிப்பட்ட ரிட்டர்ன் வழக்கமான முகவரிக்குப் போகாது. ஆஸ்டினில் உள்ள ஐடிஐஎன் பிரிவுக்குப் போக வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினோம். திருமணப் பதிவுச் சான்றிதழையும் கையில் தயாராக வைத்திருந்தோம். கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

எஃப்பிஏஆரைக் கணவர் தனியாக இணையத்தில் ஏப்ரலிலேயே போட்டார், கூட்டுக் கணக்கையும் சேர்த்து. அதற்கு ஆண்டுச் சராசரி மாற்று விகிதம் இல்லை. டிசம்பர் 31க்கு அமெரிக்கக் கருவூலம் வெளியிடும் விகிதம்.

அப்புறம் நடந்தது

ஏப்ரல் கடைசியில் விசா நேர்காணல் நல்லபடியாக முடிந்தது. கடவுச்சீட்டை ஆஸ்டினுக்கு அனுப்பாதது எவ்வளவு நல்லது என்று மாமனாரே போனில் சொன்னார். கல்லூரி வேலையை முடித்துக்கொண்டு ஜூனில் மனைவி டாலஸ் வந்தார்.

ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரை வரும் விண்ணப்பங்களுக்கு ஒன்பது முதல் பதினொரு வாரம் ஆகும் என்று ஐஆர்எஸ் சொல்கிறது. ஏறக்குறைய அப்படியே, ஜூன் கடைசியில் எண் ஒதுக்கிய சிபி565 கடிதம் வந்தது. ரிட்டர்னைப் பரிசீலித்துப் பணம் வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. சம்பளத்தில் பிடித்திருந்தது 16,000 டாலர், வரி 10,300, திரும்பி வந்தது 5,700, தாமதத்துக்கான வட்டியோடு. அந்த வட்டியை 2025 ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தோம். எங்கள் கட்டணம், சென்னை முகவர், கூரியர் எல்லாம் போகவும் மிச்சம் கணிசம்தான்.

கணவர் தன் அலுவலகத்தில் டபிள்யூ-4 படிவத்தைக் கூட்டுத் தாக்கல் என்று மாற்றிக் கொடுத்தார். பிடித்தம் குறைந்து மாதச் சம்பளம் கூடியது. 2025 ரிட்டர்ன் முதல் மின்தாக்கல்தான்.

மறுபடி செய்தால் மாற்றிக்கொள்வது

ஃபண்டு விஷயம் முதலாவது. கூட்டுத் தேர்வு தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய டிசம்பருக்குள் யூனிட்டுகளை விற்றுவிட்டால் அமெரிக்க ரிட்டர்னில் அவை வரவே வராது, 8621ம் இல்லை. பிப்ரவரியில் வருபவருக்கு அந்த வாய்ப்பு முடிந்துபோயிருக்கும். ஆகவே நிச்சயதார்த்தம் ஆனதும் ஒரு முறை வந்து பேசச் சொல்கிறோம். இந்தத் தம்பதி எஸ்ஐபியை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சிய யூனிட்டுகளை 2025இலேயே விற்றுவிடுவது என்று முடிவு. காலம் போகப் போகப் பழைய ஆண்டுப் பங்கு என்ற கணக்கு வளரும், தொகை சிறியதாக இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

கூட்டுக் கணக்கில் பெயர் சேர்ப்பதையும் தள்ளிப்போடச் சொல்வேன். சட்டப்படி தவறில்லை. ஆனால் மனைவியின் தனிக் கணக்காகவே விட்டிருந்தால் கணவரின் எஃப்பிஏஆரில் அது வந்திருக்காது.

சென்னைப் பயணத்தை ஜனவரியிலேயே வைத்திருக்கலாம். முகவர் சான்றுக்கு ரிட்டர்ன் தயாராக இருக்க வேண்டியதில்லை. சான்றும் நகலும் முன்கூட்டியே கையில் இருந்தால் சம்பளப் படிவம் வந்த வாரமே தபாலில் போட்டிருக்கலாம்.

இன்னும் முடியாத ஒரு வேலை இருக்கிறது. கணவரின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 என்ற மனு ஏற்கப்பட்டால் எச்-4இல் இருக்கும் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்ததும் சமூகப் பாதுகாப்பு எண் வரும். அன்றிலிருந்து ஐடிஐஎன்னைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டையும் ஒன்றாக இணைக்கும்படி ஐஆர்எஸ்ஸுக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தின் வரைவைத் தேதி மட்டும் போடாமல் அவர்கள் கோப்பில் வைத்திருக்கிறோம்.